கீழே வைக்கக் கூடாத கிரீடம்

ஸ்ரீசிட்டியில் சார்ஜர் செய்யும் ஒரு கம்பெனியில் ஷோபாவுக்கு செக்கிங் வேலை. பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும் சார்ஜர்களை ஒவ்வொன்றாக எடுத்து மூன்று முறை திருப்பிப் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், கீறல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். பன்னிரண்டு வருஷமாக இதையே செய்ததில் அந்தக் கண் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. தக்காளியை மூன்று முறை திருப்புவாள். பிள்ளைகளின் காது மடலை மூன்று முறை திருப்புவாள். கேஸை மூடியாயிற்றா என்று மூன்றாம் முறை பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவாள்.

"பொண்ணு பாக்கப் போன அன்னிக்கி நானு எங்க அவளப் பாத்தேன்? அவதான் என்னத் திருப்பித் திருப்பிப் பாத்தா" என்று அவள் புருஷன் கோபிகிருஷ்ணன் தன் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். ஆந்திரப் பக்கத்துப் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேருக்கு இந்தக் கதை மனப்பாடம்.

இப்படிப்பட்டவளிடமே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய சரக்கு ஒன்று இருந்தது. அவள் கொடுத்த வாக்கு. பிள்ளைகளைச் சந்திரகிரிக் கோட்டைக்குக் கூட்டிப் போவதாக மூன்று தடவை சொல்லி, மூன்று தடவையும் போகவில்லை. முதல் தடவை ஓவர்டைம். இரண்டாம் தடவை பெரியவன் யஸ்வந்துக்கு ஜுரம். மூன்றாம் தடவை புயல் மழை. அதன் பிறகு வீட்டில் எது நடக்காது என்றாலும் யஸ்வந்த், "அம்மா கோட்டைக்கிக் கூட்டினு போன மாதிரிதான்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஒன்பது வயசுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

சின்னவள் பவ்யா இரண்டாம் கிளாஸ். டிசம்பரில் ஒரு நாள் கன்னிகா மிஸ், "சந்திரகிரிக் கோட்டையைப் பார்த்தவர்கள் யார் யார்?" என்று கேட்டிருக்கிறாள். நாலைந்து கைகள் உயர்ந்தன. பவ்யாவின் கையும் அதுபாட்டுக்கு உயர்ந்துவிட்டது. உயர்ந்த கை கீழே இறங்குவதற்குள் வாய் கிளம்பிவிட்டது. நைனா ஆட்டோவில் போனோம், கோட்டை வானம் முட்டும், அங்கே ராஜா கிரீடத்தை எடுத்து என் தலையிலேயே வைத்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் வாயைப் பிளந்தார்கள், மீதிப் பேர் சிரித்தார்கள். கன்னிகா மிஸ் திட்டவில்லை. "அப்படியா? பொங்கல் லீவு முடிஞ்சு வரும்போது அந்த போட்டோவ எடுத்துனு வா, எல்லாரும் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தாலே தேவலை.

அன்று சாயங்காலம் போர்வைக்குள்ளிருந்து வந்த அழுகைச் சத்தத்தைப் பிடித்து இழுத்து, ஷோபா முழுக் கதையையும் வெளியே எடுத்தாள். கோபப்பட வேண்டிய இடம். அவளுக்குக் கோபம் வரவில்லை, குற்ற உணர்ச்சியாக இருந்தது. அந்தப் பொய்யில் பாதி தன்னுடையது என்று அவளுக்கே தெரிந்தது.

"இங்க பாரு. கோட்டைய நானு காட்டுறேன், போட்டோவும் எடுக்கலாம். அந்தப் பாதி நெசமாயிடும். கிரீடத்துக்கு மட்டும் நீ மிஸ்ஸுகிட்ட சாரி கேட்டுடணும். சரியா?"

"இந்தத் தடவ நெசமாவே போவோமா?" என்றாள் பவ்யா. மன்னிப்புக் கேட்பது அவளுக்குப் பெரிதாகவே படவில்லை. ஷோபாவுக்கு அந்தக் கேள்விதான் சுருக்கென்று தைத்தது.

கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவு இரண்டே நாள். பொங்கல், அதற்கு மறுநாள். பொங்கலன்று பானையை விட்டுவிட்டு ஊர் சுற்ற முடியாது. ஆக, மறுநாள்தான். அது மாட்டுப் பொங்கல், தெலுங்கில் கனுமா. அங்கேதான் கோபிகிருஷ்ணன் குறுக்கே விழுந்தான்.

"கனுமா அன்னிக்கா? இன்னாமே பேசற? கனும நாடு காக்கைனா கதலதுன்னு சொல்லுவாங்க. காக்காகூட ஊரு தாண்டாது. காக்காவுக்கு கீற புத்தி நமக்கு இல்லியா?"

கோபிகிருஷ்ணன் வீட்டில் தமிழ் பேசுவான், ஸ்டாண்டில் தெலுங்கு பேசுவான். சாஸ்திரம் என்று வந்தால் இரண்டு பாஷைக்காரர்களின் பயத்தையும் பாக்கி வைக்காமல் பயப்படுவான். எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழர்கள் காணும் பொங்கல் என்று ஊர் சுற்றக் கிளம்புவது அதற்கும் மறுநாள். அன்றைக்கு ஷோபா பெல்ட் முன்னால் நின்றாக வேண்டும்.

கடைசியில் வழியையும் அவனே கண்டுபிடித்தான். பரஸ்தானம். போக வேண்டிய நாள் சரியில்லை என்றால், முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் பயணம் கிளம்பிவிட்ட கணக்கு. மறுநாள் நாம் போவது பைக்குப் பின்னால்தான். சாமியே வந்து கேட்டாலும் நாங்கள் நேற்றே புறப்பட்டுவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எதிர்வீட்டு ஜமீலா அக்கா டெய்லர். பண்டிகை அவளுடையது இல்லை என்பதால் அவள் வீட்டு வாசல் தெருவுக்கே பொது. பொங்கலன்று மத்தியானம் ஷோபாவின் பை போனபோது அங்கே பெஞ்சின் மேல் ஏற்கெனவே ஐந்து பைகள் உட்கார்ந்திருந்தன. கனுமாவன்று ஊர் தாண்ட வேண்டியவர்கள் அந்தத் தெருவில் அவ்வளவு பேர். "என் கடைல துணி தைக்கக் குடுக்கறவங்கள விட பைய வெக்கறவங்க ஜாஸ்தியாயிட்டீங்க" என்று ஜமீலா சிரித்தாள். ஆறு பைகளும் நீல நிறம், ஆறுக்கும் ஒரே மாதிரி ஜிப். தீபாவளிக்குப் புடவை எடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு ஜவுளிக் கடையில் இலவசமாகக் கொடுத்த பை.

விடிந்ததும் கோபிகிருஷ்ணன் போய்ப் பையை எடுத்து வந்து ஆட்டோவின் பின்னால் வைத்தான். ஷோபாவின் கை ஜிப்பை நோக்கிப் போனது.

"தொடாத! பரஸ்தானம் வெச்ச பைய போய்ச் சேர்ற எடத்துலதான் தொறக்கணும். நடுவுல தொறந்தா எல்லாம் கெட்டுப் பூடும்."

"ஒரே ஒரு தரம் பாத்துக்கறேங்க. புளிசோறு டப்பா மூடி சரியா கீதான்னு."

"பன்னெண்டு வருசமா பாத்துக்கினுதான கீற? ஒரு நாள் பாக்காம இரேன்."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பொருளைத் திருப்பிப் பார்க்காமல் ஷோபா பாஸ் செய்தாள்.

பனி இன்னும் விலகவில்லை. பிள்ளைகள் இருவரும் குரங்குக் குல்லாய்க்குள் மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்து, வாயால் புகைவிட்டுக்கொண்டு வந்தார்கள். வடமாலபேட்டையில் டீ. ரேணிகுண்டா தாண்டியதும் பனிக்கு மேலே ஏழுமலை தலை காட்டியது. கோபிகிருஷ்ணன் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். ஷோபா கத்திய கத்தலில் முன்னால் போன பால் வண்டிக்காரர் ஓரம் கட்டி வழிவிட்டார். பிள்ளைகள் "கோவிந்தா! கோவிந்தா!" என்று கூச்சல் போட, ஷோபாவும் சேர்ந்து கத்தினாள். தொண்டை கட்டியது. சந்தோஷமாக இருந்தது.

கோட்டை மதிலைப் பார்த்ததும் பவ்யா ஆட்டோ நிற்பதற்கு முன்பே குதித்தாள். கல் மதில், அதற்குப் பின்னால் பாறை மலை, நடுவில் புல்வெளி, புல்வெளி முடிகிற இடத்தில் மூன்று அடுக்கு ராஜமகால். "நெசமாவே கீது!" என்றாள். அம்மா கூட்டி வந்துவிட்டாள் என்பதைவிட, தான் வகுப்பில் சொன்ன கோட்டை உண்மையிலேயே இருக்கிறது என்பதில் அவளுக்கு அதிக நிம்மதி.

"வா, பச்சப் பாவாட கட்டிக்கலாம். போட்டோ எடுக்கணும் இல்ல?" என்று ஷோபா ஜிப்பை இழுத்தாள்.

உள்ளே பாவாடை இல்லை. புளிசோறும் இல்லை. சிவப்புத் துணி ஒன்று மூட்டையாக இருந்தது. பிரித்தால் கிரீடம். தங்கத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டி, மேலே மணிகள் தொங்க, முழங்கை உயரத்துக்கு ஒரு கிரீடம். காலை வெயில் பட்டதும் நாலு பேர் முகத்திலும் புள்ளி புள்ளியாக வெளிச்சம் ஓடியது.

பவ்யா மெதுவாக, "அம்மா, நானு சொன்னது அவங்களுக்குக் கேட்டுடுச்சா?" என்றாள். யாருக்கு என்று அவளுக்கும் தெரியாது.

ஷோபா ஜமீலாவுக்குப் போன் போட்டாள். ஜமீலா மூன்றாம் வீட்டு வீராசாமியின் கதவைத் தட்டினாள். வீராசாமி பகலில் பாத்திரக் கடையில் வேலை செய்பவர், கூத்து நடக்கிற நாளில் ராஜா. அன்றைக்கு வடமாலபேட்டையில் அவருக்குத் துரியோதனன் வேஷம். அவரும் கனுமாவுக்குப் பயந்து பரஸ்தானம் வைத்தவர்தான். இரண்டாம் நிமிஷம் அவரே கூப்பிட்டார்.

"அம்மா ஷோபா! கிரீடம் எங்க கீது இப்ப?"

"ஆட்டோ சீட்டுல வெச்சுக்கீறேன் அண்ணா."

"எடு! எடு! உக்கார்ற எடத்துல வெக்கக் கூடாதுமா. தரையிலயும் வெக்கக் கூடாது. பூச போட்ட கிரீடம். கையில இல்லன்னா மடியில. வேற யாரு தலையிலயும் ஏத்திடாதீங்க. ஆறு மணிக்கி மூஞ்சிக்கி அரிதாரம் பூச ஒக்காருவேன், அதுக்குள்ள வடமாலபேட்டைக்கிக் கொண்டாந்துடுமா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

ஷோபா கிரீடத்தை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். புலிவாலைப் பிடித்த கதைதான். விடவும் முடியாது, வைக்கவும் முடியாது.

அதற்கப்புறம் அவர்கள் கோட்டை பார்த்த அழகை என்ன சொல்ல. மியூசியத்துக்குள் நாலு பேரும் சேர்ந்து போக முடியவில்லை. ஷோபா மடியில் கிரீடத்தோடு வெளியே படியில் உட்கார, மற்றவர்கள் உள்ளே ஓடிப் பழைய சிலைகளையும் வாள்களையும் பார்த்து வந்தார்கள். பிறகு கோபிகிருஷ்ணன் மடிக்குக் கிரீடம் மாறியது, ஷோபா ஓடினாள். ராணிமகாலுக்குப் போகிற வழியில் யஸ்வந்துக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்தது, கிரீடம் அவன் கையிலிருந்து பவ்யாவுக்கு மாறியது. கோபிகிருஷ்ணனுக்குத் தும்மல் வந்தது, அதற்கும் ஒரு கை மாறியது. பசிக்கு பஜ்ஜி வாங்கினார்கள். கிரீடம் வைத்திருப்பவருக்கு மற்றவர்கள் ஊட்டிவிட வேண்டும் என்று ஏற்பாடு. பவ்யா தன் முறை வந்ததும் ஐந்து பஜ்ஜி தின்றாள்.

போகிற வருகிற கூட்டம் நின்று பார்க்கத் தொடங்கியது. மதனபள்ளியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, "இதி ஏமி பாபு?" என்று கேட்டதுதான் தாமதம், யஸ்வந்த் தெலுங்கில் எடுத்துவிட்டான். ராயலவாரி கிரீடம், அந்தக் காலத்து ராஜாவுடையது, ஐந்நூறு வருஷம் பழசு, கழுவித் துடைக்க எங்கள் நைனாவிடம்தான் கொடுப்பார்கள். மூன்றே நிமிஷத்தில் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இல்ல இல்ல! இது வீராசாமி மாமாது. துரியோதனன் கிரீடம். அண்ணன் பொய் சொல்றான்!" என்று பவ்யா கூட்டத்தின் நடுவில் நின்று கத்தினாள். பொய் எங்கே போய் முடியும் என்று அந்தக் கூட்டத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான்.

கூட்டத்தைப் பார்த்து செக்யூரிட்டிக்காரர் வந்தார். "ஷூட்டிங்கா? பர்மிஷன் லெட்டர் உந்தா? வேஷம் கட்டி போட்டோ எடுக்கக் கூடாது, அந்தக் கிரீடத்தக் கீழ வெய்யிங்க மொதல்ல."

"கீழ வெக்கக் கூடாது சார்" என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஷோபா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், காக்காவிலிருந்து ஆரம்பித்து. கேட்டுக்கொண்டே வந்தவர் துரியோதனன் என்ற இடத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் ஊரிலும் வருஷா வருஷம் பாரதம் ஆடுவார்களாம். "சரி, வேஷம் கட்டல, சும்மா கையிலதான வெச்சுக்கீறீங்க? குடும்ப போட்டோ ஒண்ணு எடுத்துட்டு எடத்தக் காலி பண்ணுங்கம்மா" என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

ராஜமகாலுக்கு எதிரே புல்வெளியில் பவ்யா நின்றாள். கையில் கிரீடம். கோபிகிருஷ்ணன் போனைத் தூக்கியவன் இறக்கினான். சுற்றிலும் பார்த்தான். செக்யூரிட்டிக்காரர் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்.

"ஷோபா, ஒரே செகண்டு. தலையில வெச்சு எடுத்துடலாம். பாவம், கொழந்த க்ளாஸ்ல தலை நிமிந்து நிக்கும். வீராசாமிக்கி யாரு சொல்லப் போறாங்க?"

காக்காவுக்குப் பயந்தவன் பேசுகிற பேச்சா இது! ஆனால் ஷோபா அவனைத் திட்டவில்லை. அவளுக்கும் காலையிலிருந்து அதே ஆசைதான். மூன்று முறை ஏமாற்றிய பிள்ளை. பாதிப் பொய்யை உண்மையாக்கத்தான் வந்தாள், மீதிப் பாதி தானாகப் பைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரே செகண்டு. அவள் பவ்யாவின் கையிலிருந்து கிரீடத்தை வாங்கி மெல்ல உயர்த்தினாள்.

பவ்யா தலையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. எனுக்குப் பெருசு. விழுந்து ஒடஞ்சுதுன்னா வீராசாமி மாமா மொட்டத் தலையோட ஆடணும். எல்லாரும் சிரிப்பாங்க."

வகுப்பில் எல்லோரும் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதை வீராசாமிக்கு வரவிட மாட்டேன் என்கிறாள். ஷோபாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூடவே அழுகையும் சிரிப்புமாக வந்தது. கிரீடத்தை மறுபடி அவள் கையிலேயே கொடுத்தாள். கோபிகிருஷ்ணன் படம் எடுத்தான். ராஜமகால், அதற்கு முன்னால் குரங்குக் குல்லாயைக் கழற்றிய பவ்யா, இரண்டு கையிலும் கிரீடம். தலை மட்டும் காலி.

திரும்பும்போது திருப்பதி நெரிசலில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் இருவரும் வழி நெடுக, "வெலகுங்க, ராஜா வர்றாரு!" என்று கத்திக்கொண்டே வந்தார்கள். வடமாலபேட்டையில் பந்தலுக்குப் பின்னால் ஆட்டோ நின்றபோது மணி ஆறாக ஐந்து நிமிஷம். வீராசாமி பாதி முகத்துக்குச் சிவப்பு பூசிக்கொண்டு, மீதிப் பாதி பாத்திரக் கடை ஆளாகவே ஓடி வந்தார். ஷோபா கிரீடத்தை நீட்டினாள். வழியில் அதை மூன்று முறை திருப்பிப் பார்த்திருந்தாள். ஒரு சில்லு உதிரவில்லை, ஒரு மணி அறுந்துபோகவில்லை.

வீராசாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு நீலப் பையை எடுத்துக் கொடுத்தார். "பாவாட அப்படியே கீதுமா. புளிசோறுதான்... நீங்க வர்றதுக்குள்ள கெட்டுப் பூடுமேன்னு நானும் கர்ணனும் துன்னுட்டோம். நல்லா இருந்துச்சி. கர்ணன் ரெண்டாந்தரம் கேட்டாரு."

"மாமா, நாங்க கீழயே வெக்கல" என்றாள் பவ்யா. "தலையிலயும் வெக்கல. அம்மா தூக்குனாங்க, நாந்தான் வேணாம்னுட்டேன்."

ஷோபா தரையைப் பார்த்தாள். வீராசாமி அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஷோபா மிச்சத்தையும் சொன்னாள், கன்னிகா மிஸ் கேட்ட போட்டோ வரைக்கும். கேட்டு முடித்ததும் அவர் முகத்தின் பூசாத பாதி சிரித்தது.

"நாளெல்லாம் தூக்கினு இருந்த கைம்மா இது. நானே வெக்கறேன், வா" என்று சொல்லிக் கிரீடத்தைப் பவ்யாவின் தலையில் வைத்தார். அது நெற்றியில் நிற்கவில்லை, மூக்கில் நிற்கவில்லை, நேராகத் தோள் வரைக்கும் இறங்கிவிட்டது. கிரீடத்துக்குக் கீழே இரண்டு கையும் இரண்டு காலும் மட்டும் தெரிந்தன. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. கர்ணன் சிரித்தார், மத்தளக்காரர் சிரித்தார், கோபிகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே எடுத்ததில் படம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று ஷோபாவுக்கு பெல்ட்டில் மனசே ஒட்டவில்லை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீடு வரைக்கும் ஓடினாள். பவ்யா முறுக்கு கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ஆச்சு? மிஸ்ஸுகிட்ட சாரி சொன்னியா?"

"சொன்னேன். அப்போ போவல, இப்போதான் போனேன்னும் சொன்னேன். மிஸ்ஸு குட் கேர்ள்னாங்க. ரெண்டு போட்டோவும் காட்டுனேன். மொத போட்டோல நீ கீற, கிரீடம் தலையில இல்லியேன்னாங்க எல்லாரும். ரெண்டாவதுல தலையில கிரீடம் கீது, ஆனா மூஞ்சி இல்லியே, அது யாரோன்னாங்க. பைய மாத்தி எடுத்துனு போனதச் சொன்னேன், காக்காவச் சொன்னேன். பொய் சொன்ன அன்னிக்கி பாதிப் பேரு நம்புனாங்கம்மா. இன்னிக்கி நெசத்தச் சொன்னா ஒருத்தனும் நம்பல."

இவ்வளவு பாடும் இதற்குத்தானா? "நானு நாளைக்கி வந்து மிஸ்ஸுகிட்ட சொல்றேன். வீராசாமி மாமாவையும் கூட்டினு வர்றேன். நீ அழுவாத" என்றாள்.

பவ்யா அழவில்லை. இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா. உள்ள இருந்தது நானுதான்னு எனுக்குத் தெரியும் இல்ல?"

ஷோபா அவளை ஒரே ஒரு முறைதான் பார்த்தாள். அது போதும் என்று இருந்தது.